ஃபொந்தாசியோன் லூயி வித்தோன், பாரிஸ்: ரிக்கற் 16 யூரோ, ஏற்கெனவே கட்டியது 13

2025 ஓகஸ்டில் போனது. எழுத இப்போதுதான் கை வந்தது. 2025 ஒக்டோபர் 31 அன்று இங்கே பாராளுமன்றத்தில் பெரும் பணக்காரருக்கான 2 வீத வரியைத் தோற்கடித்தார்கள் அல்லவா, அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகள் தொடங்கிய சண்டையில் இந்த இடத்தின் பெயர் மறுபடி அடிபட்டது. அதனால் பாதி இடத்தைப் பற்றியும் பாதி காசுக் கணக்குமாக இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போக நினைப்பவர்களுக்கு. இது ஒரு கலை அருங்காட்சியகம், ஆம், அந்தக் கைப்பைக் கொம்பனியின் இடம்தான். பாரிஸின் மேற்கு ஓரத்தில், புவா து புலோஞ் காட்டுக்குள், 2014 ஒக்டோபரில் திறந்தார்கள். எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இருந்து வருபவர்களுக்கு வழி சுகம்: 2ஆம் நம்பர் மெத்ரோ எடுத்து எத்துவாலில் மாறி, 1ஆம் நம்பரில் லே சப்லோனில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடை. எத்துவாலில் இருந்து சின்ன பஸ்ஸும் ஓடுகிறது, நாங்கள் போனபோது 2 யூரோ. செவ்வாய்க்கிழமை பூட்டு. ரிக்கற்றை இணையத்திலேயே நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 16 யூரோ, அதே ரிக்கற்றில் பக்கத்திலிருக்கும் ஜார்தான் தாக்லிமத்தாசியோன் பூங்காவுக்கும் போகலாம்.

கட்டிடத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் படத்தில் பார்த்தது போலத்தான் இருக்கும், ஆனால் நேரில் அது வேறு. ஃபிராங்க் கெரி என்ற கட்டிடக் கலைஞர் வரைந்தது. கண்ணாடியால் பன்னிரண்டு பாய்கள், பாய்க்கப்பல் பாய்கள், மரங்களுக்கு மேலே காற்றுக்கு உப்பிக்கொண்டு நிற்கிற மாதிரி. 3,600 கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றையும் அதனதன் வளைவுக்கு ஏற்றபடி தனியாக வார்த்திருக்கிறார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் இருந்து கண்ணாடி துடைக்கிற ஆள், எனவே எனக்கு முதலில் வந்த கேள்வி இதை யார், எப்படித் துடைக்கிறார்கள் என்பதுதான். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு மூலையில் மட்டும் புறா எச்சம், மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த வேலை செய்கிறவர்களுக்கு என் முதல் ஐந்து நட்சத்திரம்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்து கட்டிடத்தின் காலடியில் தேங்கும். அதன் ஓரமாக மஞ்சள் வெளிச்சத் தூண்களும் கண்ணாடிகளும் வரிசையாக நிற்கும் ஒரு நடைபாதை, ஓலாஃபுர் எலியாசன் என்பவர் செய்தது. பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடிக்கும். என் மகளுக்கு 19 வயது, அவளும் அங்கே நின்று பன்னிரண்டு படம் எடுத்தாள்.

நாங்கள் போன நேரம் டேவிட் ஹொக்னி கண்காட்சி. 88 வயது ஆங்கிலேயர், 400க்கு மேற்பட்ட படைப்புகள், கட்டிடம் முழுக்க அவர்தான். ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் நோர்மண்டியில் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடி ஐபாட்டில் விரலால் கீறிய வசந்தகாலப் படங்கள் ஒரு அறை முழுக்க இருந்தன. அதில் ஒரு மழைநாள், குளத்தில் துளி விழுந்து வட்டம் வட்டமாக விரிவது, எனக்கு ஊரில் எங்கள் வளவுக் கிணற்றடி ஞாபகம் வந்து ஒரு பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்த 16 யூரோ எனக்கு அங்கேயே செரித்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

உள்ளே ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு, மீன் வடிவ விளக்குகள் தொங்குகின்றன, பார்க்க வடிவு. நாங்கள் லாச்சப்பலில் வாங்கிய ரோல்ஸைப் பூங்கா வாங்கில் இருந்து சாப்பிட்டோம், எனவே அதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

மேல்மாடிக்குக் கட்டாயம் போங்கள். பாய்களுக்கு இடையில் படியேறிப் போனால் ஒரு பக்கம் ஈஃபெல் கோபுரம், மறுபக்கம் லா தெஃபோன்ஸ் அலுவலகக் கோபுரங்கள். அதில் ஒரு கட்டிடத்தின் பதினான்காம் மாடியில் ஆறு வருடம் காலை ஐந்தரைக்கு வக்கூம் பிடித்தவள் நான். மகளுக்கு விரலால் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, திரும்பி இந்தக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, இதிலும் உங்களுக்குப் பங்கு இருக்கு, தெரியுமா?” என்றாள்.

பிள்ளை பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறாள், அப்படித்தான் கதைப்பாள் என்று முதலில் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்கை விளக்கியபோதுதான் விஷயம் விளங்கியது.

பிரான்சில் 2003இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஒரு கொம்பனி கலைக்கோ பொதுக் காரியத்துக்கோ நன்கொடை கொடுத்தால், அதில் 60 வீதத்தை அது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருமானத்தில் கழிப்பதில்லை, வரியிலேயே கழிப்பது, இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். 100 யூரோ கொடுத்தால் 60 யூரோ வரி குறையும், கைக்காசு 40தான். விற்பனைத் தொகையில் ஆயிரத்துக்கு ஐந்து என்று ஒரு உச்சவரம்பு உண்டு, ஆனால் பெரிய கொம்பனிக்கு அதுவே மலை.

அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்கிற கூர் தே கோந்த் 2018 நவம்பரில் ஒரு அறிக்கை விட்டது. 2007 முதல் 2017 வரை, லூயி வித்தோனுக்குச் சொந்தக்காரரான எல்.வி.எம்.எச். குழுமத்தின் கொம்பனிகள் இந்த ஃபொந்தாசியோனுக்குக் கொடுத்தது 863 மில்லியன் யூரோ. அதில் வரிக் கழிவாக அரசாங்கம் இழந்தது 518 மில்லியன். நாடு முழுக்க எல்லாக் கொம்பனிகளின் நன்கொடைக்கும் விட்டுக்கொடுத்த வரியில் இந்த ஒரு கட்டிடத்துக்கு மட்டும் எட்டு வீதத்துக்கு மேல். தொடக்கத்தில் 100 மில்லியனில் கட்டுவோம் என்று பேச்சு, முடிவில் ஏறக்குறைய 790 மில்லியன் ஆனது. இதில் திருட்டு ஒன்றும் இல்லை, சட்டம் விட்ட வழியில்தான் போயிருக்கிறார்கள்.

இப்போது என் கணக்கு. வரிப் படிவம் நிரப்புகிற குடும்பங்கள் இந்த நாட்டில் ஏறக்குறைய நாலு கோடி. 518 மில்லியனைப் பிரித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 13 யூரோ வரும். வருமான வரி கட்டாதவர்களுக்குப் பங்கில்லை என்று நினைக்காதீர்கள், சவர்க்காரம் வாங்கினாலும் 20 வீத தே.வே.ஆ., அதாவது விற்பனை வரி, கட்டுகிறோம். ஆக நான் வாசலில் 16 யூரோ கொடுப்பதற்கு முன்பே 13 யூரோ கொடுத்துவிட்டேன். ஒருமுறை போய்ப் பார்க்க எனக்கு விழுந்தது மொத்தம் 29, பஸ் காசு தனி.

வாசலுக்கு மேலே வெள்ளி நிறத்தில் பெரிய எல்.வி. முத்திரை மின்னிக்கொண்டு இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்கோயில் ட்யூப்லைட் ஞாபகம் வந்தது, வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு “உபயம்: இன்னார்” என்று சிவப்பு மையில் எழுதியிருக்குமே, அது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு உபயகாரர் இருப்பார், மாலை மரியாதை எல்லாம் அவருக்கு, அதில் ஒரு பிழையும் இல்லை, அவர் காசு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐந்தாம் திருவிழாக்காரர் பூசைக்கு நூறு ரூபா செலவழித்துவிட்டு, அதில் அறுபதை ஊர்ச் சங்கப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகும் தன் பெயரை மட்டும் போட்டு நோட்டீஸ் அடித்தால் எங்கள் ஊரில் விடுவார்களா? கொடி இறங்கும் முன்பே சங்கக் கூட்டம் கூட்டியிருப்பார்கள்.

என் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நான் வந்த முதல் பனிக்காலம், கையில் விசா இல்லை, வேலை இல்லை. ரெஸ்தோ து கேர் வரிசையில் நின்றுதான் சாப்பிட்டேன். கொலூஷ் என்ற நகைச்சுவை நடிகர் 1985இல் தொடங்கிய அன்னதான அமைப்பு அது. ஒரு கிழவி, ஒவ்வொரு நாளும் சூப்புக்கு மேல் ஒரு கரண்டி கூட விட்டு, ஏதோ சொல்லிச் சிரிப்பார், அப்போது எனக்கு ஒரு சொல் விளங்காது. வேலை கிடைத்த நாளில் இருந்து வருடத்துக்கு 50 யூரோ (முந்தி ஃபிராங்கில்) அவர்களுக்கு அனுப்புகிறேன்.

இந்த 50க்கும் வரிக் கழிவு உண்டு, எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கு. இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் அமைப்புக்குக் கொடுத்தால் 75 வீதம், வருமான வரிப் படிவத்தில் 7 யூ.டி. என்ற கட்டத்தில் எழுத வேண்டும். ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. கழிவு வரியில்தான் கழியும். உங்களுக்கு வருமான வரியே வராத அளவுக்குச் சம்பளம் குறைவென்றால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை, திருப்பியும் தர மாட்டார்கள். நானும் கணவரும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருந்த பத்துப் பதினைந்து வருடமும் நாங்கள் கொடுத்த ஒவ்வொரு 50ம் முழு 50தான். பிறகு சம்பளம் கொஞ்சம் ஏறி வரி வரத் தொடங்கியதும் அதே 50 எனக்கு 12 யூரோ 50 சதமாகக் குறைந்துவிட்டது. இது என்ன நியாயம் என்று மகளைக் கேட்டால், “அதைத்தானே நானும் கேட்கிறேன்” என்கிறாள்.

வரிசையில் நின்று சாப்பிட்டவள் கொடுத்தால் முழுவதும் அவள் காசு. பிரான்சின் முதல் பணக்காரரின் கொம்பனி கொடுத்தால் நூற்றுக்கு நாற்பது அவர்கள் காசு, அறுபது ஊர்க் காசு. பெயர் மட்டும் முழுவதும் ஒருவருக்கு. எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது, மற்றபடி கட்டிடத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

2020இல் இருந்து சட்டத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்கள், நன்கொடையில் 2 மில்லியனைத் தாண்டும் பகுதிக்குக் கழிவு 40 வீதம்தான் (இல்லாதவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு மட்டும் 60 தொடர்கிறது). இந்தக் கண்ணாடிப் பாய்கள் அதற்கு முதலே ஏறிவிட்டன.

மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெர்னார் ஆர்னோ, அதாவது எல்.வி.எம்.எச். முதலாளி, தான் இந்த நாட்டின் மிகப் பெரிய வரி செலுத்துபவர்களில் ஒருவர் என்று சொல்கிறார், அவருடைய கொம்பனிகள் கட்டும் தொகையைப் பார்த்தால் அது பொய்யில்லை. 2023 செப்டெம்பரில் ரெஸ்தோ து கேர் காசில்லாமல் தடுமாறி நின்றபோது அவர் குடும்பம் 10 மில்லியன் கொடுத்தது. நோத்ர தாம் தேவாலயம் 2019இல் எரிந்தபோது 200 மில்லியன் அறிவித்தார். இன்னொரு பெரும் பணக்காரக் குடும்பமான பினோ குடும்பம் 100 மில்லியன் அறிவித்து, வரிக் கழிவு கேட்க மாட்டோம் என்றும் சொன்னது. அந்த ஒரு வசனம் எனக்குப் பிடித்திருந்தது. நெருப்பு அணைந்த அன்றைக்கே எல்லோரும் கோடி கோடியாக அறிவித்ததைப் பார்த்து இங்கே பலருக்கு எரிச்சல் வந்தது, எனக்கு வரவில்லை. எரிந்தது ஒரு கோயில், கொடுக்கிறவர் கொடுக்கட்டும்.

ஆனால் அதே ஆர்னோ 2012இல், ஜனாதிபதி ஒலாந்தின் அரசாங்கம் 75 வீத வரி என்று அறிவித்த நேரம் பார்த்து, பெல்ஜியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். வரிக்காக இல்லை என்றார், அடுத்த வருடம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றும் கொண்டார். நாங்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எத்தனை வருடம் எத்தனை கடதாசியோடு வரிசையில் நின்றோம் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஒக்டோபரில் தோற்ற அந்த வரி, கப்ரியேல் சுக்மான் என்ற பொருளியலாளர் முன்வைத்தது. சொத்து 100 மில்லியன் யூரோவுக்கு மேல் உள்ளவர்கள், எல்லாம் சேர்த்து வருடத்துக்குத் தங்கள் சொத்தில் குறைந்தது 2 வீதமாவது வரியாகக் கட்டியிருக்க வேண்டும், குறைந்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். நாடு முழுக்க சுமார் 1,800 குடும்பங்களைத்தான் தொடும். 2025 பெப்ரவரியில் கீழ்ச்சபையில் நிறைவேறியது, ஜூனில் செனட் நிராகரித்தது, ஒக்டோபரில் வரவுசெலவுத் திட்டத்தோடு மறுபடி வந்து கீழ்ச்சபையிலேயே விழுந்தது. இது பிரெஞ்சுப் பொருளாதாரத்தை அழிக்கிற திட்டம் என்றார் ஆர்னோ. கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள், கட்டச் சொன்னால் பொருளாதாரம் அழியும். கொடுப்பதில் என்ன சுகம் என்றால் எதற்குக் கொடுப்பது என்று தானே தீர்மானிக்கலாம், ஓவியத்துக்கா, தேவாலயத்துக்கா, சூப்புக்கா. போன பனிக்காலம் எங்கள் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் கணவரைத் தள்ளுகட்டிலில் போட்டு ஒன்பது மணி நேரம் நடைபாதையில் நின்றேன். அந்த நடைபாதைச் சுவரில் யாருடைய பெயரும் இல்லை, பெயின்ற் மட்டும் உரிந்துகொண்டு இருந்தது.

இன்னொரு கதை, இதே கட்டிடத்துக்குள் நடந்தது. 2017 தை மாதக் குளிரில் முதல் தடவை இங்கே வந்திருந்தேன், அப்போது செர்கே ஷுக்கின் என்ற மொஸ்கோ துணி வியாபாரியின் சேகரிப்பைக் காட்டினார்கள். 12 இலட்சம் பேர் வந்து பார்த்த கண்காட்சி. மத்தீஸையும் பிக்காசோவையும் ஆட்கள் கிண்டலடித்த காலத்தில் அள்ளி அள்ளி வாங்கியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டைத் திறந்துவிட்டு ஊராரைப் பார்க்கவிட்டார், கடைசியில் நகரத்துக்கே கொடுக்க நினைத்திருந்தார். 1918இல் லெனின் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார். மனுசன் பாரிசுக்கு ஓடி வந்து, 1936இல் இங்கேயே இறந்துபோனார். கொடுக்க நினைத்தவனிடம் பறித்தது ஒரு அரசு. கட்ட வேண்டிய வரியை விட்டுக்கொடுத்து, நன்றியும் சொல்வது இன்னொரு அரசு. அந்தப் படங்களை இந்தக் கட்டிடத்துக்குள் தொங்கவிட்டபோது யாருக்காவது சிரிப்பு வந்திருக்குமா தெரியாது.

சிரிப்பு வருகிற விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. காடு பாரிஸ் நகரசபைக்குச் சொந்தம். கட்டக் கூடாது என்று அக்கம்பக்கத்துச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 2011 தொடக்கத்தில் நீதிமன்றம் கட்டிட அனுமதியையே ரத்துச் செய்தது. உடனே பாராளுமன்றம் இந்தக் கட்டிடத்தைக் காப்பாற்ற ஒரு பிரிவு கொண்டு வந்தது. எந்தச் சட்டத்தில் செருகினார்கள் தெரியுமா? மின்னூல்களின் விலையைப் பற்றிய சட்டத்தில். நாங்கள் பல்கனியில் துணிக்கொடி கட்ட நிர்வாகத்திடம் மூன்று கடிதம் எழுதியவர்கள்.

பூங்காவைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகளுக்கு நல்ல இடம், ராட்டினம், மயில் எல்லாம் உண்டு. ஆனால் 1877இல் இருந்து பல வருடம் இதே பூங்காவில் மனிதர்களைக் கொண்டு வந்து வேலிக்குள் வைத்துக் காட்சி காட்டினார்கள். 1883இல் இலங்கையில் இருந்தும் ஆட்களை யானைகளோடு கொண்டு வந்திருந்தார்கள். ரோல்ஸ் சாப்பிட்ட வாங்கில் இருந்தபடி மகள் போனில் அந்தப் பழைய படங்களைக் காட்டினாள், அதற்குப் பிறகு இரண்டாவது ரோல்ஸ் இறங்கவில்லை.

ஆக, போகலாமா என்றால் போங்கள். கட்டிடத்துக்கு ஐந்து, கண்காட்சிக்கு நாலரை, மேல்மாடிக் காட்சிக்கு ஐந்து. விலைக்கு மூன்று, அதுவும் 13 யூரோவை மறந்தால். வெயில் நாளில் போங்கள், பாய்களின் நிழல் உள்ளே விழுந்து மெல்ல நகர்வதே ஒரு படம். கையில் காசு குறைவென்றால் நகரசபையின் நவீன கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அல்மா பக்கம், நிரந்தரச் சேகரிப்பைச் சும்மாவே பார்க்கலாம், அங்கேயும் மத்தீஸ் இருக்கிறார். அதற்கும் நீங்கள்தான் காசு கட்டியிருக்கிறீர்கள், வாசலில் மறுபடி கேட்க மாட்டார்கள்.

நகரசபையோடு போட்ட ஒப்பந்தம் 55 வருடத்துக்கு. 2060கள் தொடங்கும்போது கட்டிடம் பாரிஸ் நகரத்துக்குச் சொந்தமாகும், அதோடு அந்த 3,600 கண்ணாடியைத் துடைக்கிற செலவும் வரும். மகளுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வாசலில் முத்திரை இருக்கிறதா, ரிக்கற் எவ்வளவு என்று அவள் போய்ப் பார்த்து எழுதட்டும்.